உந்துப்பொறி எண்ணெய்த் தேர்வு

உந்துப்பொறி எண்ணெய்த் தேர்வு என்பது சீருந்து ஒன்றின் உந்துப்பொறிக்கு (இன்ஜின்) உரிய மசகு எண்ணெயை, அதன் பாகுநிலைத் தரம், செயல்திறன் தரம் ஆகிய இரண்டையும் கொண்டு தெரிவு செய்வதாகும். பேச்சு வழக்கில் இவ்வெண்ணெய் இன்ஜின் ஆயில் எனப்படுகிறது. எண்ணெய்க் கலத்தின் மேல் அச்சிடப்படும் 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 போன்ற குறியீடுகள் பாகுநிலையைக் குறிக்கின்றன. எஸ்பி, சிகே-4, சி3 போன்ற குறியீடுகள் செயல்திறனைக் குறிக்கின்றன.

வெயில் மிகுந்த ஊர்களில் கெட்டியான எண்ணெயே உந்துப்பொறியைக் காக்கும் என்ற கருத்து தமிழ்நாட்டில் பலரிடம் உண்டு. கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசை ஒட்டிச் செல்லும் விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் இக்கருத்து எளிதில் எழக்கூடியதே. எனினும், எண்ணெயின் பாகுநிலையை முடிவு செய்வது ஊரின் வெயில் அன்று. உந்துப்பொறியின் வடிவமைப்பே ஆகும். ஊரின் புழுதி, பயணத் தொலைவு, ஓட்டும் முறை ஆகியவை பெரும்பாலும் எண்ணெயை எப்போது மாற்ற வேண்டும் என்பதையே முடிவு செய்கின்றன. இக்கட்டுரை விருதுநகர் மாவட்டச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்குகிறது.

பெயரும் பின்னணியும்

எண்ணெய் என்னும் சொல் எள், நெய் என்னும் இரு சொற்களின் சேர்க்கையாகும். எள்ளின் நெய்யைக் குறித்த இச்சொல் பின்னர் எல்லா எண்ணெய்களுக்கும் பொதுப் பெயராயிற்று. முன்னர் விருதுபட்டி என அழைக்கப்பட்ட விருதுநகர், உணவு எண்ணெய், பருப்பு, மிளகாய் வற்றல் ஆகியவற்றின் வணிகத்துக்குப் பெயர் பெற்ற ஊர். விருதுநகர் மாவட்டம் 1985-ஆம் ஆண்டு இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது.

தேய்மானத்தைக் குறைக்க எண்ணெய் இடும் வழக்கம் உந்துப்பொறிக்கு மிகவும் முற்பட்டது. மாட்டு வண்டியின் அச்சில் தடவப்படும் கரிய மசகு 'வண்டி மை' எனப்படும். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து இதனைச் செய்வது வழக்கம். விளக்கெண்ணெய் எனப்படும் ஆமணக்கெண்ணெய், தொடக்க கால வானூர்திகளிலும் பந்தயச் சீருந்துகளிலும் உந்துப்பொறி எண்ணெயாகப் பயன்பட்டது. சார்லசு வேக்ஃபீல்டு 1899-இல் இலண்டனில் தொடங்கிய நிறுவனம் 1909-இல் காஸ்ட்ரால் என்ற பெயரில் ஓர் எண்ணெயை விற்கத் தொடங்கியது. அப்பெயர் ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததாகும்.

தாவர எண்ணெய்கள் நன்கு வழுக்கும் தன்மை உடையவை. ஆனால் தொடர்ந்த வெப்பத்தில் அவை ஆக்சிசனுடன் வினைபுரிந்து பிசின் போல் இறுகிவிடுகின்றன. இதனால் சீருந்துகளில் பாறை எண்ணெயிலிருந்து (பெட்ரோலியம்) பெறப்படும் எண்ணெய்களும் செயற்கை எண்ணெய்களும் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

எண்ணெயின் பணிகள்

உந்துப்பொறியினுள் எண்ணெய் பின்வரும் பணிகளைச் செய்கிறது.

* வணரித்தண்டு (கிராங்க் சாஃப்ட்), தாங்கிகள் (பேரிங்), பிஸ்டன் ஆகிய உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று உராயாமல் இடையில் மெல்லிய படலமாக நிற்கிறது.
* குளிர்விப்பு நீர் சென்றடையாத பகுதிகளிலிருந்து வெப்பத்தை வெளியே கொண்டு வருகிறது.
* எரிதலால் உண்டாகும் கரி, கசடு ஆகியவற்றைத் தன்னுள் மிதக்கச் செய்து வடிகட்டிக்குக் கொண்டு செல்கிறது.
* பிஸ்டன் வளையங்களுக்கும் உருளைச் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியை அடைக்கிறது.
* எரிதலில் தோன்றும் அமிலங்களை நடுநிலையாக்கி, துருப்பிடித்தலைத் தடுக்கிறது.
* வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் கருவி, சங்கிலி இறுக்கி போன்ற உறுப்புகளை இயக்கும் நீர்ம அழுத்த ஊடகமாகவும் செயல்படுகிறது.

கடைசியாகக் கூறப்பட்ட பணி பழைய உந்துப்பொறிகளில் பெரிதாக இல்லை. இக்காலச் சீருந்துகளில் எண்ணெயின் பாகுநிலை மாறினால் தேய்மானம் மட்டுமன்றி உந்துப்பொறியின் இயக்கமும் மாறுவதற்கு இதுவே காரணம்.

ஆக்கக் கூறுகள்

உந்துப்பொறி எண்ணெயில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய் ஆகும். எஞ்சியது சேர்மானப் பொருள்கள். அமெரிக்க பாறை எண்ணெய்க் கழகம் (ஏபிஐ) அடிப்படை எண்ணெய்களை ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கிறது. முதல் மூன்று தொகுதிகளும் பாறை எண்ணெயிலிருந்து பெறப்படுபவை. தொகுதி எண் உயர உயரத் தூய்மையும் வெப்பத்தைத் தாங்கும் திறனும் கூடுகின்றன. நான்காம் தொகுதி பாலி ஆல்பா ஒலிஃபீன் எனப்படும் செயற்கை எண்ணெய். இந்நான்கிலும் அடங்காதவை ஐந்தாம் தொகுதியில் சேரும். கடைகளில் 'சிந்தெடிக்' என விற்கப்படும் எண்ணெய்களில் பல மூன்றாம் தொகுதியைச் சேர்ந்தவை.

தமிழ்நாட்டில் மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை அடிப்படை எண்ணெயை உற்பத்தி செய்யும் ஆலைகளுள் ஒன்று. 1965-இல் மதராஸ் ரிஃபைனரீசு என்ற பெயரில் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் சர்வோ எண்ணெய்கள் 1972-இல் அறிமுகமாயின.

சேர்மானப் பொருள்களில் அழுக்ககற்றிகள், கசடு பிரிப்பிகள், தேய்மானத் தடுப்பிகள், நுரை தடுப்பிகள், பாகுநிலை மேம்படுத்திகள் ஆகியவை முதன்மையானவை. துத்தநாகமும் பாசுபரசும் கொண்ட சேர்மம் ஒன்று (சுருக்கமாக இசட்டிடிபி) நெடுங்காலமாகத் தேய்மானத் தடுப்பியாகப் பயன்பட்டு வருகிறது. பாசுபரசு புகைப்போக்கியிலுள்ள வினையூக்கி மாற்றியின் திறனைக் குறைப்பதால், புதிய தர எண்ணெய்களில் இதன் அளவுக்கு வரம்பு உள்ளது.

பாகுநிலைத் தரம்

பாகுநிலை என்பது பாய்மம் ஒன்று பாய்வதற்குக் காட்டும் எதிர்ப்பாகும். தேன் மெதுவாகவும் நீர் விரைவாகவும் வடிவது பாகுநிலை வேறுபாட்டினாலேயே. அமெரிக்காவின் தானுந்துப் பொறியாளர் கழகம் (எஸ்ஏஇ) உந்துப்பொறி எண்ணெய்களுக்கான பாகுநிலை வகைப்பாட்டை முதன்முதலில் 1911-இல் வெளியிட்டது. இன்றைய வகைப்பாடு ஜே300 என அழைக்கப்படுகிறது.

5டபிள்யூ-30 என்னும் குறியீட்டில் இரு பகுதிகள் உள்ளன.

* 5டபிள்யூ: 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. இவ்வெண் குறையக் குறைய, கடுங்குளிரில் உந்துப்பொறி எளிதில் சுழலும். 5டபிள்யூ எண்ணெய் -30 பாகையிலும், 15டபிள்யூ எண்ணெய் -20 பாகையிலும், 20டபிள்யூ எண்ணெய் -15 பாகையிலும் சோதிக்கப்படுகின்றன.
* 30: உந்துப்பொறி சூடாக இயங்கும் நிலையில் எண்ணெயின் பாகுநிலையைக் குறிக்கும். இது 100 பாகையில் அளக்கப்படுகிறது. 150 பாகையில், தாங்கிகளில் நெருக்கப்படும் நிலையை ஒத்த மற்றொரு சோதனையும் உண்டு.

இவ்வெண்கள் வெப்பநிலையைக் குறிப்பன அல்ல. 40 என்னும் எண் 40 பாகை வெயிலுக்கு உகந்தது என்று பொருள்படாது. ஒரே எண் மட்டும் உள்ள எண்ணெய் ஒற்றைத் தர எண்ணெய் எனவும், இரு எண்கள் உள்ளது பல்தர எண்ணெய் எனவும் அழைக்கப்படும்.

கீழுள்ள அட்டவணையில் இரண்டாம் நிரல் ஜே300 வரையறுக்கும் எல்லை. மூன்றாம் நிரல் சந்தையில் கிடைக்கும் எண்ணெய்களில் காணப்படும் ஏறத்தாழ மதிப்பு. அலகு சென்டிஸ்டோக்சு.

| தரம் | 100 பாகையில் எல்லை | 40 பாகையில் ஏறத்தாழ |
|---|---|---|
| 0டபிள்யூ-20 | 6.9 - 9.3 | 45 |
| 5டபிள்யூ-30 | 9.3 - 12.5 | 63 |
| 15டபிள்யூ-40 | 12.5 - 16.3 | 108 |
| 20டபிள்யூ-50 | 16.3 - 21.9 | 165 |

எரிபொருள் சிக்கனத்துக்காக மேலும் மெல்லிய தரங்களும் சேர்க்கப்பட்டுள்ளன. 16 என்னும் தரம் 2013-லும், 12, 8 ஆகிய தரங்கள் 2015-லும் வகைப்பாட்டில் இடம்பெற்றன.

வெயிலும் பாகுநிலையும்

சீருந்தின் குளிர்விப்பு அமைப்பில் வெப்பநிலைக் காப்பி (தெர்மோஸ்டாட்) என்னும் உறுப்பு உள்ளது. குளிர்விப்பு நீர் ஏறத்தாழ 80 முதல் 90 பாகையை எட்டும்போது இது திறந்து நீரை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. இதனால் உதகமண்டலத்தின் குளிரிலும் விருதுநகரின் கோடையிலும் இயங்கும் உந்துப்பொறி ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் பேணப்படுகிறது. எண்ணெயின் வெப்பநிலையும் வழக்கமான ஓட்டத்தில் பொதுவாக 90 முதல் 110 பாகை வரை இருக்கும்.

எனவே 40 பாகை வெயில் என்பது உந்துப்பொறி எண்ணெய்க்கு வெப்பமான நிலை அன்று. இயங்கு வெப்பநிலைக்கு மிகவும் கீழான நிலையாகும். அட்டவணைப்படி, 40 பாகையில் 5டபிள்யூ-30 எண்ணெயின் பாகுநிலை அது 100 பாகையில் கொண்டிருக்கும் பாகுநிலையைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. மே மாத நண்பகலில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ள சீருந்தை இயக்கும்போது அதன் எண்ணெய் தேவைக்கு மேல் கெட்டியாகவே இருக்கிறது. அதே நேரத்தில் 20டபிள்யூ-50 எண்ணெய், 5டபிள்யூ-30 எண்ணெயைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் கெட்டியாக இருக்கும்.

உந்துப்பொறியின் தேய்மானத்தில் கணிசமான பகுதி, இயக்கத் தொடங்கி அது சூடேறும் வரையிலான நேரத்தில் நிகழ்கிறது. அப்போது எண்ணெய் விரைந்து மேலேறி வால்வுகளை அடைய வேண்டும். மெல்லிய எண்ணெய்க்காக வடிவமைக்கப்பட்ட பொறியில் கெட்டியான எண்ணெயை ஊற்றினால் பின்வரும் விளைவுகள் ஏற்படும்.

* தொலைவிலுள்ள உறுப்புகளுக்கு எண்ணெய் சென்று சேரக் காலம் தாழும்.
* எண்ணெய் எக்கியில் அழுத்தம் மிகும்போது அதன் விடுவிப்பு வால்வு திறந்து, எண்ணெயின் ஒரு பகுதி தேவையான இடத்துக்குச் செல்லாமலே திரும்பிவிடும்.
* வால்வு நேரத்தை மாற்றும் கருவி தாமதமாக இயங்கி, எச்சரிக்கை விளக்கு எரியலாம்.
* எரிபொருள் செலவு கூடும்.

இதற்கு மாறாக, கெட்டியான எண்ணெய்க்கான பழைய பொறியில் மிக மெல்லிய எண்ணெயை ஊற்றினால் தாங்கிகளில் படலம் உடைந்து உலோகம் உராயும். எண்ணெய் அழுத்தம் குறையும். எண்ணெய் எரிந்து தீரும்.

வெளி வெப்பநிலைக்குச் சிறிதளவு பங்கு உண்டு. முழுச் சுமையுடன் மலைப்பாதையில் ஏறும்போதும், குளிரூட்டியுடன் நெரிசலில் நெடுநேரம் ஊர்ந்து செல்லும்போதும் எண்ணெயின் வெப்பம் உயரும். இதற்காகவே சில கையேடுகள் ஒரே பொறிக்கு இரண்டு அல்லது மூன்று தரங்களை வெப்பநிலைப் படத்துடன் தருகின்றன. அத்தகைய பொறிகளில், கடும் சுமை இழுப்போர் அப்பட்டியலுக்குள் அடங்கிய கெட்டியான தரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பட்டியலுக்கு வெளியே செல்லுதல் பொருந்தாது.

'டபிள்யூ' எண்ணைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் -15 பாகைக் குளிர் இல்லை. ஆகவே 20டபிள்யூ எண்ணெயுடனும் பொறி சுழலும். 0டபிள்யூ, 5டபிள்யூ எண்ணெய்கள் இங்கும் பரிந்துரைக்கப்படுவதற்குக் காரணம் குளிர் அன்று. தொடக்கத்தில் விரைந்து பாய்தலும் எரிபொருள் சிக்கனமும் ஆகும்.

செயல்திறன் தரம்

ஒரே பாகுநிலை கொண்ட இரு எண்ணெய்கள் தரத்தில் பெரிதும் வேறுபடலாம். அவ்வேறுபாட்டைச் செயல்திறன் தரக் குறியீடு காட்டுகிறது.

* ஏபிஐ: 'எஸ்' எனத் தொடங்குபவை பெட்ரோல் பொறிகளுக்கும், 'சி' எனத் தொடங்குபவை டீசல் பொறிகளுக்கும் உரியவை. இரண்டாம் எழுத்து அகர வரிசையில் எவ்வளவு பின்னே உள்ளதோ அவ்வளவு புதிய தரமாகும். எஸ்என் 2010-லும், எஸ்பி 2020-லும், எஸ்கியூ 2025-லும் நடைமுறைக்கு வந்தன. டீசலில் சிஐ-4 2002-லும், சிகே-4 2016-லும் வந்தன. பெட்ரோல் பொறிகளில் புதிய 'எஸ்' தரம் பொதுவாகப் பழைய தரத்தின் இடத்தில் பயன்படக்கூடியது.
* ஐஎல்எஸ்ஏசி: அமெரிக்க, ஜப்பானியச் சீருந்து உற்பத்தியாளர்களின் குழு. இதன் ஜிஎஃப் வரிசைத் தரங்கள் எரிபொருள் சிக்கனத்தையும் சோதிக்கின்றன.
* ஏசிஇஏ: ஐரோப்பிய உற்பத்தியாளர் சங்கத்தின் தரம். இதன் 'சி' வரிசை, சாம்பல் குறைந்த எண்ணெய்களைக் குறிக்கும்.
* ஜாசோ: ஜப்பானியத் தரம். இதன் எம்ஏ குறியீடு, எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் கொண்ட இருசக்கர ஊர்திகளுக்கு உரியது. உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்ந்த சீருந்து எண்ணெயை இவ்வூர்திகளில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.
* ஐஎஸ் 13656: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உந்துப்பொறி எண்ணெய்த் தரம்.

இவை தவிர, சில சீருந்து நிறுவனங்கள் தமக்கெனத் தனி ஒப்புதல் எண்களை வைத்துள்ளன. கையேட்டில் அத்தகைய எண் இருப்பின், எண்ணெய்க் கலத்திலும் அது இருத்தல் வேண்டும்.

பொறி வகைக்கேற்ற தேர்வு

பழைய பொறிகள்

அம்பாசடர் (உற்பத்தி நிறுத்தம் 2014), பிரீமியர் பத்மினி போன்ற சீருந்துகளின் பொறிகளில் உறுப்புகளுக்கிடையே இடைவெளி மிகுதி. இவற்றில் 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற எண்ணெய்களே பெரிதும் பயன்பட்டன. கெட்டியான எண்ணெய் பற்றிய நம்பிக்கைக்கு இக்காலத்துப் பட்டறிவு ஒரு காரணமாகும். அப்பொறிகளுக்கு அது சரியான நடைமுறையே. அதனைப் புதிய பொறிகளுக்கும் நீட்டுவதே பிழையாகும்.

பெட்ரோல் பொறிகள்

இந்தியாவில் விற்பனையாகும் சிறிய பெட்ரோல் சீருந்துகள் பலவற்றுக்கு 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 ஆகிய தரங்களுள் ஒன்று பரிந்துரைக்கப்படுகிறது. எரிபொருளை உருளையினுள் நேரடியாகப் பீய்ச்சும் டர்போ பொறிகளில், குறைந்த வேகத்தில் அதிகச் சுமை கொடுக்கும்போது தீப்பொறிக்கு முன்பே எரிபொருள் எரிந்து பிஸ்டனை உடைக்கும் நிகழ்வு ஏற்படலாம். எண்ணெயிலுள்ள சேர்மானப் பொருள்களும் இதற்கு ஒரு காரணியாகும். ஏபிஐ எஸ்பி தரம் இதற்கான சோதனையை உள்ளடக்கியது. ஆகவே இப்பொறிகளில் பழைய தர எண்ணெய் தவிர்க்கப்பட வேண்டும்.

டீசல் பொறிகள்

பாரத் நிலை 6 மாசு விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வந்த டீசல் சீருந்துகளில் புகைத்துகள் வடிகட்டி (டிபிஎஃப்) பொதுவாயிற்று. வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது எரித்து நீக்க முடியும். ஆனால் எண்ணெயின் சேர்மானங்களிலிருந்து வரும் சாம்பல் எரியாது. நிலையாகத் தங்கி வடிகட்டியை அடைக்கும். எனவே இவ்வகைப் பொறிகளுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் (ஏசிஇஏ சி2, சி3 போன்றவை, அல்லது கையேடு கூறும் தரம்) இன்றியமையாதது. சரக்குந்துக்கென வாங்கிய பழைய தர 15டபிள்யூ-40 எண்ணெயை இத்தகைய சீருந்தில் ஊற்றுவது வடிகட்டியின் ஆயுளைக் குறைக்கும்.

எண்ணெயில் நனைந்து ஓடும் பட்டை (டைமிங் பெல்ட்) கொண்ட சில பொறிகளும் உண்டு. இவற்றில் பொருந்தா எண்ணெய் பட்டையை அரித்துத் துகளாக்கும். அத்துகள் எண்ணெய் எக்கியின் வலையை அடைக்கும்.

விருதுநகர், சிவகாசி வட்டாரச் சூழல்

பாகுநிலையைக் கையேடு முடிவு செய்தபின், எண்ணெயை மாற்றும் இடைவெளியே உரிமையாளர் முடிவு செய்ய வேண்டியதாகிறது. பல சீருந்துகளுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முன்னரோ அது என வரையறுக்கப்பட்டுள்ளது. கடும் பயன்பாடு எனப்படும் நிலையில் இது ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்படும். கடும் பயன்பாடு என்பது வெயிலை மட்டும் குறிப்பதன்று. இவ்வட்டாரத்தில் பின்வருவன கவனிக்கத்தக்கவை.

புழுதி

விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி மழை குறைந்த கரிசல் நிலம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் இங்கு உள்ளன. பட்டாசு ஆலைகள் பாதுகாப்பு இடைவெளி வேண்டி ஊர்களுக்கு வெளியே அமைந்திருப்பதால், அவற்றுக்குச் செல்லும் பாதைகளில் மண் சாலைகளும் உண்டு. காற்று வடிகட்டியைத் தாண்டி உள்ளே செல்லும் மணல் துகள், எண்ணெய்ப் படலத்தின் தடிமனைவிடப் பெரிதாக இருந்து உருளைச் சுவரைக் கீறும். கெட்டியான எண்ணெய் இதற்குத் தீர்வாகாது. காற்று வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவதும், எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் முன்கூட்டியே மாற்றுவதுமே தீர்வாகும்.

குறுகிய பயணங்கள்

அச்சகம், தீப்பெட்டி ஆலை, பட்டாசுக் கடை என நகருக்குள்ளும் சுற்றுக் கிராமங்களுக்கும் நாள்தோறும் சில கிலோமீட்டர் மட்டும் ஓடும் ஊர்திகள் இங்கு மிகுதி. எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது. அதில் ஒரு பகுதியும், எரியாத எரிபொருளும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெயில் கலக்கின்றன. எண்ணெய் போதிய நேரம் சூடாக இருந்தால் இவை ஆவியாகி வெளியேறும். குளிர்விப்பு நீரைவிட எண்ணெய் சூடேற அதிக நேரம் எடுக்கும். எனவே நான்கைந்து கிலோமீட்டரில் நிறுத்தப்படும் வண்டியில் நீரும் எரிபொருளும் தங்கிக் கசடாகின்றன. வெப்பமான ஊரில் எண்ணெய் சற்று விரைவாகச் சூடேறுவது இவ்வட்டாரத்துக்கு ஒரு நன்மையாகும். வாரம் ஒருமுறை, விருதுநகரிலிருந்து மதுரை வரையிலான ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நெடுஞ்சாலை போன்ற ஒரு தொலைவை இடைநில்லாமல் ஓட்டுவது எண்ணெயை உலரச் செய்யும்.

புகைத்துகள் வடிகட்டி கொண்ட டீசல் சீருந்துகளுக்கு இது மேலும் முதன்மையானது. கரியை எரிப்பதற்காகப் பொறி கூடுதல் டீசலைப் பீய்ச்சுகிறது. பயணம் இடையில் நின்றால் அந்த டீசலின் ஒரு பகுதி எண்ணெயில் சேரும். அளவுக் கம்பியில் (டிப்ஸ்டிக்) எண்ணெய் மட்டம் நாளடைவில் உயர்ந்து காணப்பட்டால் அது நல்ல அறிகுறி அன்று. எண்ணெய் நீர்த்துவிட்டது என்பதே அதன் பொருள்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மையுடையது. எண்ணெயில் கலக்கும் எத்தனாலும் நீரும் பிரிந்து உலோகத்தைத் தாக்காதவாறு தாங்கும் சோதனை, ஐஎல்எஸ்ஏசி ஜிஎஃப்-5 (2010) முதல் இடம்பெற்றுள்ளது. குறுகிய தொலைவே ஓடும் பெட்ரோல் சீருந்துகளில் புதிய தர எண்ணெயைப் பயன்படுத்த இது ஒரு காரணமாகும்.

பட்டாசுத் தொழிலகங்களில் கவனம்

வெடிபொருள் விதிகள், 2008, பட்டாசுகளை ஏற்றிச் செல்லும் ஊர்திகளையும் ஒழுங்குபடுத்துகின்றன. எண்ணெய்ப் பராமரிப்பும் இங்குத் தீப்பாதுகாப்புடன் தொடர்புடையது. வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்டு) போன்ற ஆக்சிசன் தரும் வேதிப்பொருள்கள் எண்ணெயுடன் கலந்தால் எளிதில் தீப்பற்றும் கலவையாகின்றன. எனவே எண்ணெய் ஒழுகும் ஊர்தியை மூலப்பொருள் கிடங்கின் அருகே நிறுத்துதல், எண்ணெய் துடைத்த துணியை ஆலை வளாகத்தில் போடுதல், வளாகத்தினுள் எண்ணெய் மாற்றுதல் ஆகியவை தவிர்க்கப்பட வேண்டியவை. எண்ணெயை எரிக்கும் தேய்ந்த பொறியின் புகைப்போக்கியில் கரி படிந்து, கங்காக வெளியேறவும் கூடும். நீல நிறப் புகை அத்தகைய பொறியின் அடையாளம்.

தேர்வு செய்யும் முறை

1. ஊர்தியின் கையேட்டில் பாகுநிலைத் தரம், செயல்திறன் தரம், எண்ணெயின் கொள்ளளவு ஆகிய மூன்றையும் காண வேண்டும். எண்ணெய் ஊற்றும் மூடியின் மேலும் பாகுநிலைத் தரம் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு.
2. கலத்தின் மேலுள்ள இரு குறியீடுகளும் கையேட்டுடன் பொருந்துகின்றனவா எனப் பார்க்க வேண்டும். வணிகப் பெயரும் விலையும் இதற்கு அடுத்தவையே.
3. மூடியின் முத்திரை, தொகுதி எண், உற்பத்தி நாள் ஆகியவற்றைச் சரிபார்த்து, விலைச்சீட்டுடன் வாங்க வேண்டும். திறந்த பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றப்படும் எண்ணெயின் தரத்தை வாங்குபவர் அறிய இயலாது.
4. எண்ணெயுடன் வடிகட்டியையும் மாற்ற வேண்டும்.
5. ஊற்றிய பின் சமதளத்தில் நிறுத்தி, அளவுக் கம்பியில் இரு குறிகளுக்கு இடையே மட்டம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். மிகுதியாக ஊற்றினால் வணரித்தண்டு எண்ணெயைக் கடைந்து நுரைக்கச் செய்யும்.
6. காலியான கலங்கள் போலி எண்ணெய் நிரப்பப் பயன்படாதவாறு துளையிட்டோ வெட்டியோ விட வேண்டும்.

தவறான கருத்துகள்

* எண்ணெய் கறுத்தால் கெட்டுவிட்டது: டீசல் பொறியில் புதிய எண்ணெய் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுக்கும். கரியைத் தன்னுள் ஏந்தியிருப்பதன் அடையாளம் அது. மாறாக, எண்ணெய் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது எனலாம்; உடனே சோதிக்க வேண்டும்.
* செயற்கை எண்ணெயை மாற்ற வேண்டியதில்லை: அது வெப்பத்தை நன்கு தாங்கும். எனினும் புழுதி, கரி, எரிபொருள் ஆகியவை அதிலும் சேரும்.
* சிவப்பு விளக்கு எரிந்தால் அடுத்த ஊர் வரை ஓட்டலாம்: எண்ணெய்க் குடுவை வடிவிலான சிவப்பு விளக்கு, எண்ணெய் அழுத்தம் இல்லை என்பதைக் காட்டுகிறது. சில நிமிட ஓட்டமே தாங்கிகளை அழிக்கும். உடனே பொறியை நிறுத்த வேண்டும்.
* இரு நிறுவனங்களின் எண்ணெய் கலந்தால் பொறி கெடும்: ஏபிஐ தரச்சான்று பெற்ற எண்ணெய்கள் ஒன்றோடொன்று கலக்கக் கூடியவை. மட்டம் குறைந்த நிலையில் ஓட்டுவதைவிட, அதே தரமுள்ள வேறு எண்ணெயைச் சேர்ப்பது மேலானது.
* பழைய வண்டியானால் கெட்டியான எண்ணெய்க்கு மாற வேண்டும்: மிகவும் தேய்ந்த பொறியில் இது எண்ணெய்ச் செலவைச் சிறிது குறைக்கலாம். ஆனால் ஒழுகலையும் தேய்மானத்தையும் சரிசெய்யாது. கையேட்டு வரம்புக்குள் மட்டுமே செய்யத்தக்கது.

பயன்படுத்திய எண்ணெய்

வடித்தெடுத்த பழைய எண்ணெய் (வேஸ்ட் ஆயில்) மரத்தில் கரையானைத் தடுக்கத் தடவுதல், புழுதி அடங்க மண்ணில் ஊற்றுதல், சூளைகளில் எரித்தல் எனப் பலவாறு பயன்படுத்தப்பட்டு வந்துள்ளது. இதில் உலோகத் துகள்களும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்களும் கலந்துள்ளன. மண்ணில் ஊற்றினால் அது கிணற்று நீரைச் சென்றடையும். மழை குறைந்து, நிலத்தடி நீரை நம்பியிருக்கும் கரிசல் வட்டாரத்தில் இதன் தீங்கு பெரிது.

தீங்குதரும் கழிவுகள் பற்றிய 2016-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் பயன்படுத்திய எண்ணெய் தீங்குதரும் கழிவாகும். 2023-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, எண்ணெய் உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் பழைய எண்ணெயின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்கும் முறை 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய எண்ணெயை மீண்டும் சுத்திகரித்து அடிப்படை எண்ணெயாகப் பெற முடியும். எண்ணெயைத் தாமே மாற்றுவோர் அதனை மூடியுள்ள கலத்தில் சேர்த்து, அனுமதி பெற்ற சேகரிப்பாளருக்கு எண்ணெய் வழங்கும் பணிமனையில் ஒப்படைப்பது முறையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* பாகுநிலை
* மசகுப் பொருள்
* உள் எரி பொறி
* ஆமணக்கு
* விருதுநகர் மாவட்டம்
* சிவகாசி